ஐந்து மில்லிமீட்டர்

கிட்ட வாங்க கண்ணுகளா. அந்த ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், அது போடுகிற சத்தத்தில் நான் சொல்வது பாதி காதில் விழாது. இன்றைக்கு ஒரு கையின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் மனசு கொஞ்சம் கனக்கும். கனத்தால் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

தென்காசியில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், எக்ஸ்ரே எடுக்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே படம் எடுக்கிறவள் ஜெபமலர். குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். பதினாறு வருஷமாக அதே வேலை. எத்தனை பேர் எலும்பைப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

அவளுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. மற்ற இடங்களில் படம் எடுத்து உறையில் போட்டுக் கொடுப்பதோடு சரி. இவள் கம்ப்யூட்டரில் கோடு போட்டு அளந்தும் கொடுப்பாள். செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலியிலிருந்து வருகிற எலும்பு டாக்டர் லிங்கேஸ்வரன், "ஜெபமலர் அளந்ததா? அப்ப நான் ஸ்கேலைத் தேட வேண்டாம்" என்பார். அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லுவாள்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, படியேறி வந்தார் நல்லக்கண்ணு. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. பின்னால் அவர் மனைவி சந்தனமாரி, இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு.

ஜெபமலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். காரணம் இருந்தது. அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தபோது, இரண்டு வருஷம், திங்கட்கிழமை தவறாமல் இலஞ்சியிலிருந்து சைக்கிளில் வந்து கை கால் பிடித்துவிட்டவர் நல்லக்கண்ணு. ஒரு டம்ளர் கடுங்காப்பி தவிர எதுவும் வாங்கியதில்லை. அப்பா சாவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் கம்பை ஊன்றித் தானே கோயிலுக்கு நடந்து போனார் என்றால், அது அந்தக் கையால்.

"என்ன அண்ணாச்சி, இங்கன வந்திருக்கிய?"

"உன்னையப் பாக்க வந்தேன்னு சொன்னா நம்பவா போற? கை வலிக்கு யம்மா. ஊர்க் கையெல்லாம் நான் பிடிச்சுவிட்டேன். எங்கையப் பிடிக்க ஆளில்ல."

"ஏன், நான் பிடிச்சுவிடலையா?" என்றாள் சந்தனமாரி. "நான் தொட்டா ஆட்டுரல் ஆட்டுத மாதிரி இருக்காம். கேட்டியா மலரு? துரைக்கு எங்கை சொரசொரங்காம்."

"எண்ணெய் இல்லாத கை அப்படித்தாம்ட்டி இருக்கும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஜெபமலர் அவரைக் கையைக் கழுவிவிட்டு வரச்சொன்னாள். போய் வந்து காட்டினார். இன்னும் மினுமினுப்பு போகவில்லை.

"சோப்புப் போட்டு மூணு தரம் கழுவிட்டேன். இது முப்பது வருச எண்ணெய். உள்ள இருந்து வருது, நான் என்ன செய்ய?"

வலது கையை எக்ஸ்ரே தகட்டின் மேல் வைக்கச் சொன்னாள். முழங்கை மடங்கியிருக்க வேண்டும். உள்ளங்கை தகட்டில் முழுசாகப் படிய வேண்டும். நடுவிரலும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். நல்லக்கண்ணு வைத்தார். விரல் நுனிகளும் அடிக்கையும் தகட்டைத் தொட்டன. நடுவே உள்ளங்கை மட்டும் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி தூக்கி நின்றது.

கண்ணுகளா, நீங்கள் குற்றாலம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். மசாஜ் செய்கிறவர்கள் இடது கையால் புட்டியைச் சாய்ப்பார்கள், வலது உள்ளங்கையில் எண்ணெய் நிற்கும். குளிக்கிற கூட்டம் இடித்துக்கொண்டு போகும், ஒரு சொட்டுக் கீழே விழாது. முப்பது வருஷம் அப்படியே பிடித்த கை, சும்மா இருக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். பஸ்ஸில் தூங்கும்போதுகூட மடியில் கவிழ்ந்து கிடக்காது. எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பது போலக் குவிந்திருக்கும்.

"அண்ணாச்சி, தோசை மாதிரி படியணும். நல்லா அமுக்குங்க."

"படிய மாட்டேங்கு யம்மா. வலிக்கு."

அவள் தன் கையை அவர் புறங்கையின் மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். நல்லக்கண்ணு சத்தம் போடவில்லை. அவருடைய வலது கால் மட்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அப்பாவின் முழங்காலில் அந்தக் கை கிடந்த கிடை ஜெபமலருக்கு ஞாபகம் வந்தது. ஆறு மாசம் முன்பு செங்கோட்டைப் போலீஸ்காரர் ஒருவருக்கு மணிக்கட்டு உடைந்தபோது, அவர் கத்தக் கத்த மூன்று தரம் படம் எடுத்தவள் இவள். சரியாக வரும்வரை விட்டதில்லை. ஆனால் நல்லக்கண்ணுவின் கையிலிருந்து அவள் கை தானாக விலகியது.

"சரி அண்ணாச்சி, அப்படியே இருக்கட்டும். ஆடாம மட்டும் இருங்க."

பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

இப்போது அந்த அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடினமில்லை. மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள், இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். நடுவில் ஒன்று பிறை போல இருக்கும். சிலருக்கு, ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்தப் பிறைக்கு ரத்தம் போகிற வழி அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத எலும்பு மெல்லச் செத்து, நொறுங்கி, அமுங்கிப்போகும். அமுங்கினால் அதன் மேல் நிற்கிறதெல்லாம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று தெரிய, மணிக்கட்டின் உயரத்துக்கு ஒரு கோடு போடுவார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் கை பெரிசு, சின்னசு. அதனால் நடுவிரலுக்கு நேரே உள்ளங்கைக்குள் ஓடுகிற நீள எலும்புக்கு இன்னொரு கோடு. முதல் அளவை இரண்டாவதால் வகுக்க வேண்டும். நல்ல கையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, 0.54 வாக்கில் வரும். 0.51க்குக் கீழே போனால் மணிக்கட்டு இறங்குகிறது என்று அர்த்தம்.

நல்லக்கண்ணுவுக்கு உயரம் முப்பத்து நான்கு மில்லிமீட்டர். நீள எலும்பு அறுபத்து நான்கு. வகுத்தாள். 0.53.

டாக்டர் லிங்கேஸ்வரன் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "பிறை எலும்பு லேசா வெளுத்திருக்கு. ஆனா உயரம் இறங்கல. மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கோங்க. மூணு மாசத்துல இன்னொரு படம் எடுப்போம்."

நல்லக்கண்ணு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சீசனுக்குக் கை நிக்குமா சார்?"

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மூன்று மாசத்தில் அந்தக் கை உழைத்தால்தான் மிச்ச மாசங்களுக்கு அந்த வீட்டில் உலை. டாக்டருக்கும் அது தெரியும். கீழே எழுதியிருந்த எண்ணை இன்னொரு தரம் பார்த்தார்.

"கவனமா இருந்தா நிக்கும்."

அவர்கள் படியிறங்கும்போது ஜெபமலர் பின்னாலேயே ஓடி வந்தாள். "பயப்படாதிய அண்ணாச்சி. ஒண்ணுமில்ல. நானே அளந்தேன்."

சந்தனமாரி அவள் கன்னத்தைத் தொட்டுக் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

மே மாசம் வந்தது, போனது. நல்லக்கண்ணு படம் எடுக்க வரவில்லை. ஜூன் கடைசியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெபமலரும் வீட்டுக்காரரும் பிள்ளைகளுமாகக் குற்றாலம் போனார்கள். பிள்ளைகள் ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜிக்கு நிற்க, ஜெபமலர் மட்டும் மசாஜ்காரர்கள் வரிசையைத் தேடிப் போனாள்.

நல்லக்கண்ணு குப்புறப் படுத்திருந்த ஒரு பெரிய உடம்புக்காரரின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுப் பட்டை எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. உள்ளங்கையால் அழுத்த வேண்டிய இடத்தையெல்லாம் முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூணு மாசம்னு டாக்டர் சொன்னாவ. நாலு ஆச்சு."

"வாரேன் யம்மா. அருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுந்து போலீசு சங்கு ஊதுனான்னா கூட்டத்தைக் குளிக்க விடமாட்டான். அன்னைக்கு வாரேன்."

"வலி எப்படி இருக்கு?"

"வலிக்கென்ன, அது அது பாட்டுக்கு இருக்கு. நீதான் அளந்துட்டியே, பெறவு என்ன?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "நம்ம பிள்ள. எலும்புக்கு மீட்டர் வச்சிருக்கா" என்றார்.

படுத்திருந்தவர், "அண்ணாச்சி, நம்ம முதுகு ஞாபகம் இருக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபமலரும் சிரித்துக்கொண்டேதான் பஜ்ஜிக்கடைக்குத் திரும்பினாள்.

அவர் வந்தது நவம்பரில். ஐப்பசி மழை. இந்த முறை சந்தனமாரி குடையைப் பிடித்து முன்னால் வந்தாள். நல்லக்கண்ணுவின் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் போடப்படாமல் இருந்தன.

"துண்டு பிழிய முடியல மலரு" என்றாள் சந்தனமாரி. "சோத்தைப் பிசைய முடியல. போன வாரம் புட்டி மூடியத் திறக்கதுக்கு எங்கிட்ட நீட்டினாவ. முப்பது வருசத்துல எண்ணெய்ப் புட்டிய எங்கிட்ட நீட்டினதில்ல."

தகட்டில் கையை வைக்கச் சொன்னாள். வைத்தார். ஜெபமலர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குவிப்பதற்குத் தெம்பில்லாமல் அந்தக் கை தானாகத் தளர்ந்து தகட்டோடு படிந்தது.

படம் திரையில் வந்தது. பிறை இருந்த இடத்தில் பிறை இல்லை. மிதிபட்ட சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று, வெள்ளையாக, தட்டையாக. கோடு போட்டாள். உயரம் முப்பத்து ஒன்று. நீள எலும்பு அறுபத்து ஒன்பது. 0.45.

டாக்டர் திகைத்துப்போனார். "ஒம்பது மாசத்துல 0.53லருந்து 0.45ஆ? இவ்வளவு வேகமா இறங்காதே. பழைய படத்தை எடும்மா."

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் பிறை எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமலரின் கண் அங்கே போகவில்லை. கீழே எழுதியிருந்த எண்ணில் நின்றது. பிப்ரவரியில் நீள எலும்பு அறுபத்து நான்கு. நவம்பரில் அறுபத்து ஒன்பது. அதே மெஷின், அதே தூரம், அதே ஆள்.

ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு எலும்பு வளருமா கண்ணுகளா?

வளரவில்லை. அன்றைக்கு அந்தக் கை குவிந்திருந்தது. உச்சி வெயிலில் படுத்துக் கிடக்கிற கம்பைவிடச் சாய்ந்து நிற்கிற கம்பின் நிழல் குட்டையாக விழுகிற மாதிரி, நீள எலும்பு படத்தில் ஐந்து மில்லிமீட்டர் குட்டையாக விழுந்திருந்தது. குட்டையான எண்ணால் வகுத்ததால் விடை பெரிதாக வந்துவிட்டது. சரியான நீளத்தால் அவள் மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்தாள். 0.49. பிப்ரவரியிலேயே மணிக்கட்டு இறங்கத் தொடங்கியிருந்தது.

நல்லக்கண்ணுவும் சந்தனமாரியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டாக்டரிடம் சொன்னாள்.

அவர் பழைய படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "படத்தை நானும்தான் பார்த்தேன். கை தூக்கியிருக்குன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

"அன்னைக்கே 0.49ன்னு தெரிஞ்சிருந்தா?"

"வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பேன். பாரம் குறைய முன்கை எலும்பைக் கொஞ்சம் குட்டையாக்கி ஒரு ஆபரேஷன் செஞ்சு பார்த்திருக்கலாம். கை பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது."

"இப்ப?"

"எலும்பையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஸ்டீல் தகடு வைக்கணும். வலி போகும். மணிக்கட்டு மடங்காது."

மடங்காத மணிக்கட்டை வைத்துக்கொண்டு முதுகு பிடிக்க முடியாது. அவர் அதைச் சொல்லவில்லை. எழுந்து, "அவர்கிட்ட நானே பேசுறேன். நீ இரு" என்று வெளியே போனார். ஆபரேஷன் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்லக்கண்ணு தலையாட்டுவதையும் சந்தனமாரி முந்தானையை வாயில் வைப்பதையும் ஜெபமலர் பார்த்தாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரைக் குத்துக்கல்வலசைக்குத் திருப்பாமல் இலஞ்சிக்குத் திருப்பினாள்.

சந்தனமாரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வா மலரு, காப்பி போடட்டா?"

"இருக்கட்டும் மதினி. முதல்ல ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். போனில் இரண்டு படத்தையும் காட்டினாள். கை தூக்கியிருந்ததை, தான் பார்த்தும் விட்டதை, ஐந்து மில்லிமீட்டரை, 0.49ஐ. எதையும் மறைக்கவில்லை. அப்பாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொன்னால் மன்னிப்பை விலைக்குக் கேட்பது போலிருக்கும் என்று தோன்றியது.

சந்தனமாரி சுளகைக் கீழே வைத்தாள்.

"நானே அளந்தேன்னு சொன்னியே மலரு. படியில நின்னு சொன்னியே. அன்னைக்கு அம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன் நான். அந்தச் சொல்லைத்தான் நம்பி சீசன் முழுக்க இவுகள அனுப்பினேன். வலிக்குன்னு சொன்னப்பல்லாம், 'மலரு அளந்துட்டா, சும்மா போங்க'ன்னு நாந்தான் அனுப்பினேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. காப்பி வரவில்லை.

நல்லக்கண்ணு வாசல் கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"அண்ணாச்சி, ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க."

"இப்ப ஒண்ணும் சொல்ல வரல யம்மா. பெறவு வரலாம். வந்தா சொல்லுதேன்." இடது கையை நீட்டினார். "அந்தப் பழைய படத்தை இன்னொரு தரம் காட்டு."

காட்டினாள். போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். படத்தில் எலும்பு பார்க்கத் தெரியாதவர்தான். ஆனால் எத்தனையோ ஆயிரம் உடம்புக்குள் விரலாலேயே எலும்பு பார்த்தவர்.

"இதுல குவிஞ்சிருக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"எண்ணெய் ஊத்தினா நிக்குமா?"

"நிக்கும்" என்றாள்.

"அப்ப இதை எனக்குப் பெரிசாப் போட்டுக் கொடு. நல்ல படத்தை டாக்டரு வச்சுக்கிடட்டும். எனக்கு இந்தத் தப்பான படம் போதும்."

மறுநாளே ஃபிலிமில் அச்செடுத்து அனுப்பினாள். ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டாள். காலை வெயில் வந்தால் அந்தக் கை வெள்ளையாகத் தெரியுமாம்.

டிசம்பரில் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. மார்ச்சில் எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினார்கள். சந்தனமாரி ஜெபமலரைப் பார்க்காமல் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள்.

நல்லக்கண்ணு உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். ஜெபமலர் தகட்டைச் சரிசெய்துகொண்டே, பழக்கத்தில், "கையை நல்லா அமுக்கி..." என்று தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

கை ஏற்கெனவே படிந்திருந்தது. முழங்கையிலிருந்து நடுவிரல் வரை ஒரே நேர்க்கோடு. பதினாறு வருஷத்தில் அவ்வளவு சரியாக ஒரு கை அந்தத் தகட்டில் கிடந்ததில்லை.

"இப்ப சரியா இருக்கா யம்மா?" என்று கேட்டார் நல்லக்கண்ணு. அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"சரியா இருக்கு அண்ணாச்சி."

பொத்தானை அழுத்தினாள். திரையில் தகடும் திருகாணிகளுமாக மணிக்கட்டு வந்தது. அளக்க இனி ஒன்றுமில்லை, டாக்டரும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் நீள எலும்புக்கு மட்டும் ஒரு கோடு போட்டாள். அறுபத்து ஒன்பது.

அவர் கையை எடுத்ததும் தகட்டைத் துடைக்கத் துணியோடு குனிந்தாள். துடைக்க எண்ணெய்க் கறை இல்லை. முப்பது வருஷ எண்ணெய் மூன்று மாசக் கட்டுக்குள் வற்றிப்போயிருந்தது. அங்கேயே, துணியும் கையுமாக, அழுதுவிட்டாள்.

கதவைத் திறந்து சந்தனமாரி எட்டிப்பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். குனிந்து நிற்கிறவளைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது என்று சொல்ல மாட்டேன்.

"ஏட்டி மலரு" என்றாள். "கண்ணத் துடை. வெளிய வடகரைக்காரப் பொம்பளை ஒருத்தி கையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளையாவது ஒழுங்காப் பாரு."

ஜெபமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வலியில் கத்தினாள், "கொஞ்சம் விடும்மா" என்று கெஞ்சினாள். ஜெபமலர் விடவில்லை. உள்ளங்கை முழுசும் படியும்வரை, தானும் அழுதுகொண்டே, பிடித்து அழுத்தினாள்.

இந்த வருஷச் சீசனில் பேரருவிப் பாதையில் நல்லக்கண்ணு உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் புட்டி. மற்ற மசாஜ்காரர்கள் உள்ளங்கையைக் குவித்து நீட்டுகிறார்கள், அவர் ஊற்றுகிறார். ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லையாம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இனி பக்கத்துக் கையை விட்டுவிடலாம், விடாமலும் இருக்கலாம். உங்கள் வீட்டில் ஒவ்வொரு கைக்கும் விரியவும் குவியவும் தெம்பு இருக்கட்டும். அந்தக் கைகள் பிசைகிற சோறு குறையாமல் இருக்கட்டும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், நின்று கேட்க ஓர் ஆள் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.